மலை நீட்டிய கை

அந்தக் காலத்தில் மாடு பேசும், மந்தி பேசும், மலையும் கேட்டதற்குப் பதில் சொல்லும். அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. வண்டி மாடு, "இந்த மேட்டுல கொஞ்சம் இறங்கி நடங்க" என்று சொன்னால் இறங்கி நடப்பார்கள். அவ்வளவுதான்.

அப்போது மேற்கு மலையில் ஒற்றையருவி என்று ஓர் அருவி இருந்தது. உச்சியில் கிளம்பினால் நடுவில் எதிலும் படாமல் ஒரே தாவலாகக் கீழே வந்து விழும். விழுந்த இடத்தில் பாறை குழிந்து கிணறாகிக் கிடந்தது. வழி தவறி அடியில் போன ஓர் எருமைக்குக் கொம்புகூட மிஞ்சவில்லை. அதனால் அதில் யாரும் குளித்ததில்லை. தூர ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். எட்டத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, சாரல் முகத்தில் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோறு தின்பார்கள். "அம்மாடி, என்னா தண்ணி!" என்பார்கள். மறுபடி வண்டி பூட்டிப் போய்விடுவார்கள்.

ஆவுடை என்ற பெண்ணும் ஒருநாள் அப்படித்தான் வண்டியில் வந்தாள். ஆனால் அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை.

அவள் மகள் கோமுவுக்கு ஒன்பது மாதம். பிறந்து ஐந்தாம் மாதத்தில் கன்னத்தில் சிவப்பாக ஏதோ தடித்தது. அது கரப்பான் நோய் என்றார்கள். கன்னத்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முழங்கை, முழங்காலின் பின்பக்கம் என்று இறங்கி, உடம்பெல்லாம் நீர் வடியத் தொடங்கியது. பிள்ளை சொறிந்துகொண்டே இருக்கும். சொறிய முடியாதபடி கையைத் துணியில் சுற்றினால் அழுதுகொண்டே இருக்கும். பால் குடிப்பது பாதியாயிற்று. தொடை வற்றிப்போயிற்று. வைத்தியர் பார்த்துவிட்டு, "மலை மேல இருக்க மூலிகையெல்லாம் அலசிக்கிட்டு வருது ஒற்றையருவித் தண்ணி. அது விழுத வேகத்துல பிள்ளை மேல படணும். அள்ளி ஊத்துனா ஆகாது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்று சொல்லி எழுந்துபோய்விட்டார்.

ஆவுடையின் புருஷன் புலமாடன் அன்றைக்கே வண்டி கட்டினான். மூன்று நாள் பயணம். வண்டியில் செவலை என்றும் காரி என்றும் இரண்டு மாடுகள். காரிக்குப் பேச்சு வந்தாலும் பேசாது, அசைபோடும். செவலை இரண்டு மாட்டுக்கும் சேர்த்துப் பேசும்.

"ஏ காரி, கல்லுல ஏத்தாத. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு" என்று செவலை சொல்லும்.

ஆவுடைக்கு வேற்று மனிதரிடம் பேச வராது. வாயைத் திறந்தால் வியர்த்துவிடும். ஊரில் கிணற்றடியில்கூட எல்லாரும் போன பிறகுதான் வாளியை இறக்குவாள். அவள் தடையில்லாமல் பேசுவது புருஷனிடமும் பிள்ளையிடமும் செவலையிடமும்தான். வழியில் தண்ணீர் கேட்க வேண்டுமென்றாலும் செவலைதான் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் அருவி தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் வந்தது. கிட்டத்தில் போகப் போக வண்டிச் சட்டம் அதிர்ந்தது. ஆவுடை கோமுவின் காதைப் பொத்திக்கொண்டாள். மரத்திலிருந்து ஒரு கருமந்தி வண்டிக் கூண்டின் மேல் குதித்தது.

"வாங்க வாங்க. என்ன கொண்டாந்திருக்கிய, புளிச்சோறா, எலுமிச்சஞ்சோறா?"

"சோறு திங்க வரல. பிள்ளையக் குளிப்பாட்ட வந்திருக்கோம்" என்றான் புலமாடன்.

மந்தி சிரித்த சிரிப்பில் கூண்டிலிருந்து வழுக்கிவிட்டது. "குளிப்பாட்டவா? மாமா, போன மாசம் ஒரு தேக்குமரம் மேலேருந்து வந்துச்சு. கீழ வந்து சேர்ந்தது பல் குத்துத குச்சி!"

புலமாடன் வேட்டியை இறுக்கிக் கட்டினான். முதலில் தான் போய்ப் பார்க்கிறேன் என்று அருவியின் ஓரத்துக்குப் போனான். ஓரத்தில் சிதறுகிற தண்ணீரில் ஒரு தோளை மட்டும் நீட்டினான். அடுத்த நொடி பத்தடி தள்ளிச் சேற்றில் கிடந்தான். தோள்பட்டை இறங்கிவிட்டது.

"அது ஓரத்துத் தண்ணி மாமா. நடுத்தண்ணிக்கு ஒங்களப் பத்திச் சேதியே போயிருக்காது" என்றது மந்தி.

ஆவுடை அவன் தோளை இழுத்து ஏற்றி, துணியைக் கிழித்துக் கட்டினாள். புலமாடன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில், "வெயில் தாழ வண்டியத் திருப்பிருவோம் ஏட்டி" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். திருப்பினால் வீட்டுக்குப் பிள்ளையோடு போகலாம். எத்தனை நாளைக்குப் பிள்ளையோடு இருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கோமு அழத் தொடங்கினாள். அழுகிற பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஆவுடைக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓடைக்கரையில் மூன்று கல்லைக் கூட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக வைத்தாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பிள்ளையைக் கிடத்தினாள். எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவினாள். பிறகு இடது கையைப் பிள்ளையின் நெற்றியில் கூரை மாதிரி நீட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் செம்பிலிருந்து ஊற்றினாள். தண்ணீர் அவள் கைமேல் விழுந்து, விரலிடுக்கில் பிரிந்து, பிள்ளையின் தலையில் இறங்கியது.

"ஏம்மா, பச்சப்பிள்ளைக்காரி" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை. மலைதான்.

"நெத்தியில என்னத்துக்குக் கைய வைக்க?" என்று மலை கேட்டது.

ஆவுடைக்கு வியர்த்துவிட்டது. அவள் செவலைப் பக்கம் திரும்பி, "கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி அடிச்சிரும்னு சொல்லு" என்று முணுமுணுத்தாள்.

செவலை கழுத்தை உயர்த்தியது. "ஐயா மலையே! எங்க அம்மா சொல்லுதாவ, பிள்ளைய அடிக்கக்கூடாதாம். ஒங்களுக்கு அறிவு இருந்தா..."

"நான் அப்படிச் சொல்லல!" என்று ஆவுடை பதறினாள்.

"சுருக்கமாச் சொன்னேன்" என்றது செவலை.

மலை கோபப்படவில்லை. "நான் என்ன வேணும்னா கொல்லுதேன்? மேலேருந்து தண்ணி வருது, நான் விடுதேன். அருவிக்குக் காது கிடையாது, சத்தந்தான். எத்தனையோ வண்டி வந்துச்சு. எல்லாரும் ஆகா ஓகோன்னு பார்த்துட்டுப் போனாக. எப்படிக் குளிப்பாட்டணும்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. அந்தக் கை... அதத் திருப்பி ஒருதரம் காட்டு."

செவலை பதில் சொல்ல வாயெடுத்தது. ஆவுடை அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். மாட்டை நம்பி இந்தப் பேச்சை விட முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மலையண்ணாச்சி" என்றாள். குரல் அருவிச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. மறுபடி கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "மலையண்ணாச்சி! கைய நீட்டுங்க. தண்ணி மொதல்ல ஒங்க கையில விழட்டும்."

மலையின் நெஞ்சிலிருந்து பாறை ஒன்று இடியிடித்த மாதிரி வெளியே வந்தது. காட்டுப் பறவையெல்லாம் எழும்பிவிட்டது. அருவி அதன்மேல் விழுந்தது. கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடை வற்றி மீன்கள் கூழாங்கல்லில் துள்ளின.

"கிண்ணம் மாதிரிக் குவிக்காதிய அண்ணாச்சி! அது மொத்தமாச் சேர்ந்து..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நிறைந்த தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது. அருவிப் பக்கம் நீண்ட கிளையில் இருந்த மந்தியை அது அடித்துக்கொண்டுபோக, மந்தி நூறடி தள்ளி நாணலில் தொங்கியது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அது சிரிக்கவில்லை.

"கைய விரிச்சு வைங்க. கொஞ்சம் சாய்ச்சு. விரல் நடுவுல இடுக்கு இருக்கணும். இந்தா, இப்படி."

ஆவுடை தன் கையை உயரத் தூக்கிக் காட்டினாள். முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை. மலை அந்தச் சின்னக் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் பாறையைச் சாய்த்தது, பிளந்தது. அருவி பாதி மலையில் வந்து அந்தக் கைமேல் மோதி, வேகம் தணிந்து, ஐந்து தாரையாகப் பிரிந்து கீழே இறங்கியது.

"எம்புட்டு நேரம் இப்படிப் பிடிக்கணும்?" என்று மலை முனகியது. "பெரிய பாரம்மா இது. மூச்சைப் பிடிச்சாத்தான் தாங்கும். மூச்சைப் பிடிச்சா எனக்குப் பேச வராது."

"நான் போதும்னு சொல்லுத வரைக்கும் பிடிங்க அண்ணாச்சி."

"மறந்துராத."

"மறப்பேனா?"

மலை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

புலமாடன், "நான் மொதல்ல நிக்கேன்" என்று எழுந்தான். "ஒரு தோள் போதாதா ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு ஆவுடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தாரைக்குக் கிட்டப் போனாள். தாரைக்குப் பின்னால் எருமை போன கிணறு கறுப்பாக இருந்தது. கோமுவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உள்ளே போனாள்.

தண்ணீர் முதுகில் விழுந்தது. கை நிறைய எண்ணெய் வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது. கோமு மூச்சை உள்ளே இழுத்தாள், வீரிட்டாள், அப்புறம் திடீரென்று அமைதியாகிவிட்டாள். ஆவுடை பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் கையில் சுற்றிய துணி அவிழ்ந்து கிடந்தது. விரல்கள் சொறியவில்லை. விரிந்து, விழுகிற தண்ணீரைப் பிடிக்கப் பார்த்தன.

கரையேறித் துவட்டுவதற்குள் கோமு தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாலு மாதத்தில் இப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கவில்லை. புலமாடன் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மணியக் கழட்டுங்க" என்று செவலை கிசுகிசுத்தது. மாட்டுக் கழுத்து மணிகளைக் கழற்றி வைக்கோலுக்குள் வைத்தார்கள். பானை சட்டி உருளாமல் துணியால் சுற்றினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வண்டி பூனை நடப்பதுபோல நகர்ந்தது.

இரண்டு நாழிகை போனபின் கோமு விழித்தாள். அழவில்லை. பாலுக்கு முட்டினாள். வயிறு நிறையக் குடித்தாள். அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த ஆவுடை சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயையோ. மலைக்குச் சொல்லாம வந்துட்டேன்."

"என்னது?" என்றான் புலமாடன்.

"போதும்னு சொல்லல!"

பிள்ளையை அவன் நல்ல கையில் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். வழியில் வண்டிகள் அவளைத் தாண்டி அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எல்லா வண்டியிலும் பிள்ளைச் சத்தம். மந்தி ஈரம் காய்ந்ததும் பக்கத்து ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது தாரைக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை. ஆவுடை மேலே பார்த்தாள். நீட்டிய பாறை அப்படியே இருந்தது. அதன் ஓரத்திலிருந்து மணல் மணலாகப் பொடி உதிர்ந்தது. மலை பேசவில்லை. ஆனால் அவளைப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

இவர்கள் வெளியே வரட்டும், சொல்லிவிடுவோம் என்று நின்றாள். அவர்கள் வந்தார்கள். அதற்குள் வேறு நாலு பேர் உள்ளே போனார்கள். அவர்களும் வரட்டும் என்று நின்றாள். வெயில் சாய்ந்தது. கடைசியாக வந்த வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கையில் இருந்த பிள்ளை கோமுவைவிடச் சின்னது, கோமுவைவிட மோசம். கண் இமைகூட ஒட்டிப்போயிருந்தது.

"ஏக்கா, நேரமாயிட்டுதா? இன்னும் விடுவாகளா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஆவுடையின் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. சொன்னால் மலை கையை எடுத்துவிடும். அது நியாயம்தான். கொடுத்த வாக்கு. கரையெல்லாம் ஆட்கள், எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் வேற்று மனிதர் முன்னால் அவ்வளவு சத்தமாக அதற்கு முன்பு பேசியதில்லை.

"அண்ணாச்சி! இன்னும் கொஞ்ச நேரம்!"

மலை ஒருதரம் அதிர்ந்தது. அந்தப் பெண் பயந்து பின்னால் வந்தாள். பிறகு பாறை நிலைகொண்டது. தண்ணீர் முன்போலவே ஐந்து தாரையாக இறங்கியது.

"போ, நெத்தியில கைய வச்சுக்கிட்டுப் போ" என்றாள் ஆவுடை.

மறுநாளும் வண்டிகள் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன. வண்டி வராத நாள் என்று ஒன்று வரவேயில்லை. ஆவுடையும் அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை.

அன்று முதல்தான் ஒற்றையருவி பாதியில் ஒரு பாறைமேல் மோதி இரண்டாவது தாவலாக விழுகிறது; மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மலை யாரிடமும் பேசுவதில்லை; அங்கே தண்ணீரில் நிற்கிறவர்களைக் கரையிலிருந்து எத்தனை பேர் கத்திக் கூப்பிட்டாலும், ஒருவர்கூடப் போதும் என்று சொல்லாமல், இன்னும் கொஞ்ச நேரம் என்றே சொல்கிறார்கள்.