அண்ணாச்சியின் வளைகுழாய்

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. சில இடங்களில் அப்படியும் அமைந்துவிடுகிறது.

சீடர் காந்திமதிநாதன் அண்ணாச்சி, சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு, கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டு நடுவில் தகர ஷெட் போட்டு, தன் கையால் விமானம் கட்ட உட்கார்ந்துவிட்டார். குரு பியூலா டீச்சர், தானே இரண்டு விமானம் கட்டிப் பறந்தவர். டீச்சர் சரி என்று சொல்லாமல் பறப்பதில்லை என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

விமானத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அண்ணாச்சி இறக்கையைக் காட்டமாட்டார். என்ஜின் மூடியைத் திறந்து, புகைக்குழாயிலிருந்து பிரிந்து போகும் ஒரு வளைகுழாயைத்தான் காட்டுவார். வளைத்தது அவர், வெல்டிங் வைத்ததும் அவர். தையல் போட்டது போல அத்தனை சீர்.

“மெஷின் வச்ச வெல்டிங்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க,” என்பார்.

யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் சொல்லத் தகுந்த வேலைதான்.

என்ஜின் ரோட்டரி வகை. பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோணச் சுழலி ஒன்று சுற்றும். அதன் புகை மூர்க்கமாக வரும். அந்தப் புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் ஊட்டுகிறது. அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும் ஒரு சின்னக் கதவு திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் அந்த வளைகுழாய் வழியே வெளியேற்ற வேண்டும்.

அதுதான் நடக்கவில்லை. த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வானத்தில் அப்படித் தாண்டினால் என்ஜின் உள்ளேயே நொறுங்கும், அண்ணாச்சி கரிசலில் வந்து விழுவார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பறப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“கதவு எம் பேச்சைக் கேக்க மாட்டேங்கு டீச்சர். ஸ்பிரிங்கை மாத்திட்டேன். ஹோஸை மாத்திட்டேன். மீட்டரையும் மாத்திட்டேன்.”

“வேற என்ன மாத்தினீங்க?”

“எல்லாத்தையும்தான்.”

டீச்சரின் பார்வை வளைகுழாயில் நின்றது. பாராட்டப் போகிறார் என்று நினைத்து அண்ணாச்சி துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டார்.

“கதவைத் தொறந்தபடியே கட்டுக்கம்பி போட்டுக் கட்டுங்க.”

“கட்டிட்டா அழுத்தமே ஏறாதே! டர்போ இருந்தும் இல்லாத மாதிரில்லா ஆயிரும்?”

“ஏறாதுல்ல? அதைக் காட்டுங்க.”

அண்ணாச்சி கட்டினார். விமானத்தின் சக்கரங்களுக்குக் கல் வைத்து என்ஜினை முழு வேகத்தில் ஓட்டினார். முள் நிதானமாக ஏறி, சிவப்புக் கோட்டைத் தாண்டியது. படக்கென்று அணைத்தார்.

“கதவு பாவம், சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு,” என்றார் டீச்சர்.

“அப்போ புகை ஏன் அந்த வழியா போகலை?”

டீச்சர் ஷெட்டுக்கு முன்னால் நீண்டு கிடந்த ஓடுதளத்தின் கோடியைக் கை காட்டினார்.

“அங்கேர்ந்து ஓடி வாங்க. உசிரைக் குடுத்து ஓடணும். ஷெட்டு வாசல்ல வந்ததும், வேகம் குறையாம, வந்த திசைக்கே திரும்பி உள்ள நுழையணும்.”

“இந்த வயசுலயா?”

“புகை வயசு பாக்குதா?”

அண்ணாச்சி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் திரும்ப முயன்றார், கால் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி ஓடி, டீச்சரின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

“வாசல் தொறந்துதானே இருந்துச்சு அண்ணாச்சி?”

அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டே என்ஜின் அருகே போனார். புகை பின்னோக்கிப் பாய்கிறது. வளைகுழாயோ அதிலிருந்து பிரிந்து முன்னோக்கித் திரும்பியிருந்தது. அப்படித் திருப்பினால்தான் மூடியைத் திறக்கிறவர் கண்ணில் வெல்டிங் படும் என்று, அவரே திருப்பியது.

“வேற வழி ஏதாவது இருக்கா டீச்சர்?”

டீச்சர் வெட்டும் மெஷினை எடுத்து நீட்டினார்.

வேறு யாரையும் தொட விடாமல் அண்ணாச்சியே வெட்டினார். கண் கலங்கியது. தீப்பொறியால் என்றார். தீப்பொறியால் இல்லை.

புதிய குழாய் அகலமாக, புகை போகும் போக்கிலேயே சாய்ந்து பிரிந்தது. என்ஜினுக்கு அடியில் போனதால் யார் கண்ணுக்கும் படாது. அதிலும் வெல்டிங் பழையதைப் போலவே சீராக இருந்தது. படுத்துக்கொண்டு வைத்தது என்பதால் இன்னும் ஒரு பிடி கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை த்ராட்டிலை முழுக்கத் தள்ளினார்கள். முள் ஏறியது. குறித்த இடத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றது.

“பறங்க,” என்றார் டீச்சர்.

ஞாயிறன்று அண்ணாச்சி கரிசல் காட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, பூப்போல வந்து இறங்கினார். கூட்டம் கத்திய கத்தலில் வேன் டிரைவர்கூட இறங்கி வந்துவிட்டார். வேனில் வந்தவர்களைக் காட்டிச் சம்பந்தி ஆசையாகக் கேட்டார்.

“மச்சான், அந்த வளைகுழாயை இவங்களுக்கும் காட்டுங்களேன்.”

“அது இப்போ அடியில இருக்கு. பாக்க முடியாது,” என்றார் அண்ணாச்சி. சொல்லும்போதே நெஞ்சு விம்மியது. இத்தனை பெருமை இதற்கு முன் அவருக்கு வந்ததில்லை. அவருக்கே பயமாகிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

“டீச்சர், நெஞ்சு கொள்ளாம பெருமையா இருக்கு. இப்படி ஏறலாமா?”

டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

“ஏறட்டும் அண்ணாச்சி. ஏறாம எப்படிப் பறக்க? இப்போதான் போறதுக்கு வழி வச்சிருக்கீங்கள்லா.”