ஆயிரம் ஓடாத வண்டி

ஆண்டவர் யாரையும் புத்தியில்லாமல் படைப்பதில்லை என்பது சொர்ணபாயின் உறுதியான விசுவாசம். அந்த விசுவாசத்தோடுதான் தேரிவிளை வேதமுத்துவுக்குக் கழுத்தை நீட்டினாள். கல்யாணம் முடிந்த மறுவாரமே விசுவாசத்துக்குச் சோதனை வந்தது. வேதமுத்துவும் அவருடைய தம்பிகள் ஞானாபரணமும் இஸ்ரவேலும் டவுனுக்குப் போய்ப் புத்தம் புது மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி வந்தார்கள்.

காலையில் வாங்கிய வண்டி பொழுது சாயத்தான் வீடு வந்து சேர்ந்தது. டவுன் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை; மாடு மேய்ந்துகொண்டே நடந்தாலும் மத்தியானத்துக்குள் வந்துவிடும். வேதமுத்து வண்டிமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து வந்தார்கள். நடப்பவர்களை வண்டி முந்திவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஏன் இந்தக் கோலம் என்று சொர்ணபாய் கேட்டாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வசனம் ஒப்பிக்கிற மாதிரி மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு, வண்டிக் கடைக்காரர் சொல்லியனுப்பியதை ஒப்பித்தார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடிகிறவரை நாற்பதுக்கு மேல் வேகம் போகக்கூடாது. அதுவரை பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. வண்டியை வெயிலில் நிறுத்தக்கூடாது. அப்பப்போ இன்ஜினுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

உலகத்தில் மற்றவர்கள் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடை வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுகிறார்கள். வண்டியும் ஓடுகிறது, குடும்பமும் ஓடுகிறது. இவர்கள் மறக்கிற ஜாதி இல்லை.

புதுப்பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்து வேதமுத்து ஒரு வாக்குக் கொடுத்தார்.

"ஆயிரம் முடியட்டும். முதல் ஆளா உன்னத்தான் ஏத்துவேன். ஆனந்தவிளை அசனத்துக்குக் கூட்டிட்டுப் போயி, கோயில் வாசல்ல எறக்குதேன்."

ஆனந்தவிளை அவள் பிறந்த ஊர். வருஷத்துக்கொரு தடவை அங்கே கோயில் அசனம் நடக்கும். பெரிய பெரிய வார்ப்புகளில் சோறும் குழம்பும் பொங்கி, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அத்தனை பேர் பார்க்க, புருஷன் தோளில் கைபோட்டுக்கொண்டு பைக்கில் போய் இறங்குவது என்றால் சும்மாவா? ஆயிரம் கிலோமீட்டர்தானே, ஆறு மாசத்தில் ஓடிவிடும் என்று சொர்ணபாய் நினைத்தாள். சின்ன வயசு, பாவம்.

முதலில் ஓய்வு விஷயம். ஒவ்வொரு ஓடைப்பாலத்திலும் வண்டியை நிறுத்தி, பாய் விரித்து, மூன்று பேரும் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். இன்ஜின் தூங்குகிறதாம். ஒருநாள் அப்படித் தூங்கும்போது சூடு ஆறுகிற இன்ஜினிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தது. ஞானாபரணம் காதை வைத்துக் கேட்டார்.

"அண்ணே, தூக்கத்துல பல்லக் கடிக்கி."

பிள்ளைகள் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே வேப்பங்கொழுந்தை அரைத்து, வடிகட்டி, பெட்ரோல் டேங்கில் ஊற்றினார்கள். வடிகட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அளவுக்கு ஜாக்கிரதையானவர்கள். வண்டி ஒரு வருஷம் எழுந்திருக்கவில்லை. பூச்சி அவ்வளவு அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது வெயில். சொர்ணபாய்க்குப் பிரசவ வலி எடுத்தபோது பின்னால் ஏற்றக்கூடாது என்பதால் அவளை மாட்டுவண்டியில் அனுப்பிவிட்டு, வேதமுத்து துணைக்கு மோட்டார் சைக்கிளில் போனார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மரம் கிடையாது. வெயிலில் நிறுத்தக்கூடாது என்றால் நிறுத்தக்கூடாதுதான். ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். மூத்த மகள் பிறந்த சேதியை ஒரு நர்ஸ் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று. பிள்ளை முகத்தை அவர் பார்த்தது பொழுது அடைந்த பிறகு. அதற்கப்புறம் புத்தி வந்து, இஸ்ரவேல் கையில் ஒரு குடை கொடுக்கப்பட்டது. வண்டி எங்கே நின்றாலும் அவர் டேங்குக்குக் குடை பிடிப்பார். அவர் வெயிலில் நிற்பார். அவரைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

இந்தக் கணக்கில்கூட ஆயிரம் சீக்கிரம் முடிந்திருக்கும். கெடுத்தது வேப்பமரம். வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும்போது குடைக்குப் பதில் மரத்து நிழல். நிழல் நகர நகர இஸ்ரவேல் வண்டியையும் நகர்த்துவார். ஒருநாள் வேதமுத்து மீட்டரைப் பார்த்துத் திடுக்கிட்டார். வெளியே எடுக்காத வண்டியில் நம்பர் ஏறியிருக்கிறது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு மூன்று பேரும் கூடிப் பேசினார்கள்.

"ஏறினது நல்லதுதானண்ணே," என்றார் ஞானாபரணம். "ஆயிரத்துக்குக் கிட்ட வருதுல்லா."

"ஏலே, ஆயிரம் ஓடி முடியணும்னுல்லா கடைக்காரரு சொன்னாரு. தள்ளி முடியணும்னா சொன்னாரு? தள்ளி ஏறின நம்பர் களவு. களவுச் சாமான் நம்ம வீட்டுல இருக்கக் கூடாது."

களவை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பின்பக்கமாகத் தள்ளினால் நம்பர் இறங்குகிறது என்று இஸ்ரவேல் கண்டுபிடித்தார். அவர் வாழ்நாளில் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதுவே குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து பகலெல்லாம் நிழலோடு முன்னால் போகிற வண்டி, சாயங்கால ஜெபத்துக்கு முன் பின்னால் வந்துவிடும். வழியில் பெட்ரோல் தீர்ந்து வீடுவரை தள்ளி வந்தார்கள் என்றால், மறுநாள் விடிந்ததும் தீர்ந்த இடம்வரை பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்துப் பெட்ரோல் ஊற்றி, ஓட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதை என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியே சொர்ணபாயின் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் வந்தாயிற்று. வேதமுத்துவுக்குத் தலை பஞ்சாகிவிட்டது. வண்டிக்கு மட்டும் வயசாகவில்லை. ஒவ்வொரு அசனத்துக்கும் அவள் பஸ்ஸில்தான் போனாள்.

ஆனந்தவிளையிலேயே வாழ்க்கைப்பட்ட அவள் அக்காள் ஜெபமணி இதைச் சும்மா விடுவாளா? அவள் புருஷன் யாரோ ஓட்டிக் கழித்த ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். அடுத்த தெருவில் இருக்கிற கோயிலுக்கும் ஜெபமணி அதில்தான் வந்து இறங்குவாள். போன வருஷம் பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"ஏட்டி சொர்ணம், உங்க வீட்டுல பைக் இருக்கா, இல்ல பைக் படம் இருக்கா?"

சொர்ணபாய் கோபப்படுகிறவள் இல்லை. கோபம் வந்தால் ஒரு சங்கீதம் சொல்லிக்கொள்வாள். அன்றைக்குச் சங்கீதம் வாயில் வரவில்லை. அடுத்த அசனத்துக்கு நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து இந்த வாசலில் வந்து இறங்காவிட்டால், அத்தனை வார்ப்பையும் ஒற்றை ஆளாகத் தேய்க்கிறேன், இறங்கிவிட்டால் நீ தேய்க்க வேண்டும் என்று சபை நடுவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வார்ப்புகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். அடிப்பக்கம் கரி இரண்டு விரற்கடை.

அன்றைக்கு ஆரம்பித்தது ஜெபம். தினமும் வண்டியைத் துடைக்கிற சாக்கில் மீட்டரைப் பார்ப்பாள். அசனம் நெருங்கும்போது ஆயிரத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. ஆனந்தவிளைப் பாதையில் கால்வாய்ப் பாலம்வரை ஓடினால் ஆயிரம் சரியாக முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டாள். வேதமுத்து பாலம்வரை தனியாக ஓட்டி வர, அவள் பஸ்ஸில் வந்து பாலத்தில் இறங்கி, அங்கிருந்து ஏறிக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. மூன்று பேரும் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் எடுத்தது.

அசனத்தன்றைக்குச் சொர்ணபாய் பட்டுச்சேலை உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, பாலத்தில் காத்து நின்றாள். வெகுநேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். நடுவே வேதமுத்து வண்டியில், ஒரு பக்கம் ஞானாபரணம், மறுபக்கம் குடையோடு இஸ்ரவேல். பாலத்து நடுவில் மீட்டரில் ஒன்பதுகள் எல்லாம் மெல்லப் புரண்டு ஆயிரம் வந்தது. வேதமுத்து இறங்கி, வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞானாபரணம் இம்மட்டும் நடத்தின ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். சொர்ணபாய் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒருநாளும் யாரும் மிதிக்காத பின்பக்கத்துக் கால்கட்டையைக் காலால் இறக்கினாள். அது கிறீச்சென்றது.

"அண்ணே, ஒரு சந்தேகம்," என்றார் இஸ்ரவேல்.

சொர்ணபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆயிரமும் ஓடினது முன்சீட்டுதான?"

"ஆமா."

"அப்ப பின்சீட்டு?"

மூன்று பேரும் பின்சீட்டைப் பார்த்தார்கள். முன்சீட்டு கிழிந்து நாலு தடவை தைத்திருந்தது. பின்சீட்டில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை பளபளவென்று அப்படியே இருந்தது.

"அதுவும் கூடத்தானலே வந்துச்சு," என்றார் வேதமுத்து. குரலில் உறுதி இல்லை.

"கூட வந்தா ஓடினதாயிருமா?" என்றார் ஞானாபரணம். "நானுந்தான் இத்தன வருசமா கூட வாரேன். நான் ஆயிரம் ஓடிட்டேன்னு யாராவது சொல்லுவாவளா?"

அதற்கு மேல் யார் வாதாட முடியும்? பின்சீட்டுக்கு இன்னும் முதல் கிலோமீட்டரே ஆரம்பிக்கவில்லை என்று தீர்ந்தது. சொர்ணபாய் கால்கட்டையை மறுபடி மேலே மடக்கப் போனாள். வார்ப்புகள் கண் முன்னால் வந்து வரிசையாகக் கவிழ்ந்து நின்றன.

"மைனி உக்காராம அது எப்படிப் பழகும்?" என்றார் இஸ்ரவேல். "மைனி உக்காரட்டும். ஆனா சட்டம் ரெண்டு சீட்டுக்கும் ஒண்ணுதான். முன்சீட்டு பழகும்போது பின்னால ஆள் ஏத்தல. பின்சீட்டு பழகும்போது முன்னால ஆள் ஏத்தக் கூடாது."

"நியாயம்," என்றார் வேதமுத்து, தனக்கே பாதகமான தீர்ப்பை ஏற்கிற பெரிய மனுஷன் தோரணையில்.

ஆனந்தவிளைக் கோயில் மணி கேட்டது. சொர்ணபாய் வானத்தைப் பார்த்தாள். ஆண்டவரே, இவர்களுக்குப் புத்தியைத் தாரும் என்று கல்யாணமான நாள்முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதை இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இவர்கள் கைக்குப் பெலனை மட்டும் தாரும் என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் மொறமொறவென்றது.

"சரி, யாரும் முன்னால உக்காராண்டாம்," என்றாள். "தள்ளுங்க."

வேதமுத்து பக்கத்தில் நடந்தபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். ஞானாபரணம் பின்னாலிருந்து தள்ளினார். இஸ்ரவேல் ஒரு கையால் தள்ளி, ஒரு கையால் டேங்குக்குக் குடை பிடித்தார். வண்டி என்றைக்கும் இல்லாத கனமாகக் கனத்தது. தம்பிகள் மைனியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மரியாதை கருதி ஒன்றும் சொல்லாமல் தள்ளினார்கள்.

கோயில் வாசலில் சனமெல்லாம் எழுந்து நின்று பார்க்க, சொர்ணபாய் பைக்கின் பின்சீட்டிலிருந்து இறங்கினாள். ஜெபமணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்னால் ஆளைக் காணோமே என்று கேட்டாள்.

"பின்சீட்டு புதுசுக்கா," என்றாள் சொர்ணபாய். "பழகுறவரை முன்னால ஆள் ஏத்தக் கூடாது."

சொன்ன பிறகுதான், இதை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே பட்டது. பேச்சு பேச்சுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பைக், பின்சீட்டு, கோயில் வாசல். எல்லாம் சரியாக இருக்கிறது. பந்தி முடிந்து வார்ப்புகள் காலியானதும் ஜெபமணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தேங்காய் நாரும் சாம்பலுமாக வார்ப்புகளிடம் போனாள்.

புறப்படும்போது வேதமுத்து மீட்டரைப் பார்த்தார். முகம் கறுத்தது. பாலத்திலிருந்து தள்ளியே வந்ததில் நம்பர் ஏறியிருந்தது. அதுவும் கோயில் வாசலில் வைத்துக் களவு. என்ன செய்ய வேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏறு சொர்ணம், பின்பக்கமாத்தான் போணும்," என்றார்.

சொர்ணபாய் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பின்பக்கமாக நகர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பஸ்ஸில் போயிருந்தால் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருப்பாள். இப்போது முகம் கோயிலைப் பார்த்தே இருந்தது. கையெல்லாம் கரியாக வார்ப்புக்குள் தலையை விட்டுத் தேய்க்கிற ஜெபமணியைத் தெரு முக்கு திரும்புகிறவரை திரும்பாமலே பார்க்கலாம். பார்த்தாள். கையும் அசைத்தாள்.

முக்கு தாண்டிய பிறகுதான் தம்பிகள் மூச்சு வாங்குவதைக் கவனித்தாள். வழியில் ஒரு சின்ன இறக்கம் வந்தது. பின்சீட்டின் நினைப்பு வந்து அவளுக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது.

"மெதுவாங்க. நாற்பதுக்கு மேல போயிராதீங்க."

"பயப்படாத," என்றார் வேதமுத்து, வேர்வை சொட்டச் சொட்ட. "பாலத்துல தள்ள ஆரம்பிச்சதுலேருந்து பிரேக்க விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கேன்லா."