ப்ஷெப்ராஷம் சொன்ன லாரிக்காரன்

ஒரு ஊர்ல ஒரு லாரி. எந்த ஊருன்னு கேளு. போலந்துங்கற ஊரு, கடல் தாண்டி, ரோடெல்லாம் பனி. லாரி ஓட்டுனவங்க ரெண்டு பேரும் நம்ம நாமக்கல்காரங்க. சின்னவன் சென்னியப்பன், வாய்த் துடுக்கு. பெரியவரு மாரப்பன், பொறுமைசாலி. ம் கொட்டு சாமி, அப்பத்தான் லாரி நகரும்.

மாரப்பன் அந்த ஊர்ப் பாஷைய தெனமும் சொல்லிப் பழகுவாரு. வண்டியோரம் அடுப்பு வெச்சுக் கடுகு தாளிச்சா 'ப்ஷ்ஷ்'னு பொரியுமில்ல? "கேளுடா, கடுகே சொல்லித் தருது. ப்ஷெ-ப்ரா-ஷம். மன்னிச்சுக்கங்கன்னு அர்த்தம். கடைசிக்கு முந்தின அசைல அழுத்தோணும், ப்ரா!"ம்பாரு. யாரு வாசல்ல நின்னாலும் மொதல்ல 'ஜெஞ் டோப்ரி', அது வணக்கம். நன்றிக்கு 'ஜென்கூயே'. ஆமாங்கறதுக்கு 'தாக்', அவ்வளவுதான்.

சென்னியப்பனுக்கு ஒரே சிரிப்பு. ஒருநாள் காலைல, அவரு அந்த வார்த்தையெல்லாம் எழுதி வெச்சிருந்த சீட்டப் பிடுங்கி டர்ருன்னு கிழிச்சுப் போட்டான். "சாகப்போற வயசுல இந்தப் பாஷையக் கத்துக்கிட்டு என்னண்ணா பண்ணப்போறீங்க?"ன்னுட்டான். சொல்லக்கூடாத சொல்லு.

மத்தியானம் சென்னியப்பன் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான். அப்போ பாத்து, மாரப்பன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டாரு! போன்ல சார்ஜ் இல்ல. ரோட்டோரம் மூணே வீடு. பாஷை தெரிஞ்ச மனுஷன் பேச்சு மூச்சில்லாம கெடக்கறாரு.

ம்... கேக்கறியா?

சென்னியப்பன் மொத வீட்டு முன்னால வண்டிய நிறுத்தி பாம் பாம்னு ஹாரன் அடிச்சான். நம்மூர்னா தெருவே ஓடி வந்திருக்கும். அங்க ஹாரன் அடிச்சா வையறதுன்னு அர்த்தமாம். சன்னலு டப்புனு சாத்திருச்சு.

அப்புறம் ரெண்டாம் வீட்டுக்கு ஓடி தடதடன்னு கதவத் தட்டினான். ஒரு ஆளு எட்டிப் பாத்தாரு. இவன் லாரியக் காட்டி நெஞ்சப் புடிச்சுக் காட்டவும், "டாக்டர்?"னு போன் மாதிரி காதுல கைய வெச்சுக் காட்டினாரு. இவன் என்ன பண்ணினான் தெரியுமா? நாம 'சரிங்க'ன்னு ஆட்டுவோமே, அப்படித் தலைய இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட்டினான். அந்த ஆளு 'வேண்டாங்கறான்'னு நெனச்சு, க்ரீச்சுன்னு கதவச் சாத்திட்டாரு.

மூணாவது வீட்டு வாசல்ல நின்னான். கண்ணுல தண்ணி. அப்போ மூக்குல கடுகு வாசம் வந்த மாதிரி இருந்துச்சாம். மெதுவா டொக் டொக்குனு தட்டினான். கையெல்லாம் மாவோட ஹாலினான்னு ஒரு அம்மா வந்தா. "ஜெஞ் டோப்ரி. ப்ஷெ... ப்ரா... ஷம்"னு லாரியக் காட்டி நெஞ்சத் தொட்டுக் காட்டினான். அந்தம்மா மொகம் எளகிருச்சு. "டாக்டர்?"னு கேட்டா. இவன் தலை மறுபடியும் ஆட ஆரம்பிச்சுது! தாடைய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, "தாக்! தாக்!"னு கத்தினான்.

அந்தம்மா உள்ள ஓடிப் போன் பண்ணினா. கொஞ்ச நேரத்துல ஈயோ ஈயோன்னு ஆம்புலன்ஸ் வந்துருச்சு.

மூணாம் நாள் மாரப்பன் ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தாரு. ஹாலினா அம்மா சூப்போட வந்திருந்தா. சென்னியப்பன் அத வாங்கிக்கிட்டு "ஜென்கூயே"ன்னான். அப்புறம் கட்டில்கிட்டப் போனான். மன்னிச்சுக்கங்கண்ணான்னு சொல்லணும். பொறந்ததுல இருந்து அந்த வார்த்தைய யாருகிட்டயும் சொன்னதில்ல அவன். தமிழ்ல அது வெளிய வரமாட்டேங்குது. தரையவே பாத்துக்கிட்டு நின்னான். அப்போ மெதுவா சொன்னான்:

"ப்ஷெப்ராஷம்."

கிழிச்ச சீட்டு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்துச்சு. மாரப்பன் அவன் கையப் புடிச்சுக்கிட்டு, "ப்ராவுல அழுத்தம் சரியா விழுந்திருக்குதுடா"ன்னாரு.

ம் சத்தத்தையே காணோமே? லாரி வீடு வந்து சேந்துருச்சு சாமி, கதையும் எறங்கிருச்சு. கண்ணை மூடிக்க.