ஆலா பார்த்த பக்கம்

ஒரு நாள் கடல்மேல் வெள்ளையாக மூட்டம் இறங்கியது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அதற்குள் ஒரு பாய்ப்படகு மாட்டிக்கொண்டது.

படகில் இரண்டு பேர். சுக்கான் பிடித்தவன் கஸ்பார். பாய்க்கயிறு பிடித்தவன் அவன் தங்கச்சி புருஷன் லெயோன். வழி காட்டும் செல்போன் நனைந்து செத்துவிட்டது. கேனில் குடிதண்ணீர் நாலு மடக்கு. கரையைத் தாண்டி எங்கேயோ தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை வரிசை வேறு கிடந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பேர் 'பாரு'. பாருமேல் ஏறின படகு வீடு திரும்பினதில்லை.

அப்போது ஓர் ஆலாப் பறவை வந்து பாய்மர உச்சியில் உட்கார்ந்தது.

"தப்பிச்சோம் மாப்ள. ஆலா கரையைப் பாத்துதான் உக்காரும். அது மூஞ்சி இருக்கிற பக்கம் விடுறேன்" என்றான் கஸ்பார்.

லெயோன் தலையாட்டினான். கஸ்பார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் பறவை திரும்பி உட்கார்ந்தது. கஸ்பாரும் படகைத் திருப்பினான். மறுபடி திரும்பியது. மறுபடி திருப்பினான்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒரே நாள்ல கரை ரெண்டு தடவ எடம் மாறுமா?" என்றது.

"நீ சும்மா கெட. காத்து அடிச்சாலும் பொலம்புவ, அடிக்காட்டியும் பொலம்புவ" என்றான் கஸ்பார்.

பாய் மேலே எட்டிப் பறவையிடம் கேட்டது. "உண்மையச் சொல்லு. கரை அங்கயா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்?" என்றது ஆலா, மெதுவாக. "ஒரே பக்கமா உக்காந்தா காலு மரத்துப் போவுது. அதான் திரும்புறேன். நானே கரையைத் தொலச்சிட்டுதான் இங்க வந்தேன். படகுக்கு வழி தெரியும்னு நெனச்சேன்."

"அத அவங்ககிட்ட சொல்லித் தொலையேன்."

ஆலா கீழே பார்த்தது. இரண்டு முகங்கள் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன. அது வாயைத் திறக்கவில்லை.

படகின் முன்னால் தொங்கிக்கொண்டிருந்த நங்கூரத்துக்குத்தான் முதலில் கேட்டது. தண்ணீர் எதிலோ மோதி இரைகிற சத்தம்.

"பாரு" என்றது நங்கூரம்.

"பாத்துக்கிட்டுத்தான வாரேன்" என்றான் கஸ்பார். கண் ஆலாமேலேயே இருந்தது.

"பாரு, பாரு."

"எத்தன தடவ சொல்லுவ? கண்ண எடுக்கலயே நான்."

பாய் படபடவென்று அடித்து நங்கூரத்தின் குரலையும் முழுங்கியது. இரைச்சல் நெருங்கியது. ஆலாவுக்கு உச்சியிலிருந்து எல்லாம் தெரிந்தது. முன்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

அது உச்சியை விட்டு விழுந்தது. பறந்தது என்று சொல்ல முடியாது, அவ்வளவு களைப்பு. நேராகப் படகின் முன்மூக்கில் வந்து மோதி உட்கார்ந்தது. பின்னாலேயே கஸ்பாரின் கண்ணும் கீழே இறங்கியது.

"என்னப் பாக்காதீங்க" என்றது ஆலா. "எனக்குக் கரை தெரியாது. அங்க பாருங்க, பாரு."

கஸ்பார் பார்த்தான்.

"மாப்ள, பாய எறக்கு."

லெயோன் கயிற்றை விட்டான். பாய் சுருண்டு விழுந்தது. கஸ்பார் ஓடிப்போய் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். அது அடியில் மண்ணைக் கீறிக்கொண்டே போனது, போனது, பிறகு பிடித்தது. பாருக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளம்கூட இல்லை.

லெயோன் திரும்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"பாரு முன்னால இருக்கு, அதத் தாண்டி நாம போகல. அப்ப கரை பின்னால இருக்கு" என்றான் லெயோன். "இவ்வளவு நேரமும் கரைக்கு முதுகக் காட்டிட்டு வந்திருக்கோம்."

கஸ்பார் பறவையிடம் திரும்பினான். "தெரியாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு பேரும் என்னையே அண்ணாந்து பாத்தீங்க" என்றது ஆலா. "என்னை யாரும் அப்படிப் பாத்ததில்ல. சொல்ல வாய் வரல."

கஸ்பார் கேனை எடுத்து லெயோனிடம் நீட்டினான்.

"அது ரெண்டாந்தடவ திரும்பினப்பவே எனக்கும் சந்தேகந்தான்" என்றான்.

"அப்ப ஏன் மச்சான் சொல்லல?"

"நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தியே."