ஃப்ரிட்ஜுக்குப் பொன்னாடை

பேச்சாளர் வைரவநாதன் வீட்டுக் கூடத்துக்குப் புதிதாக மார்பிள் போட்டிருந்தார்கள். சமையலறையில் இருந்த பெரிய ஃப்ரிட்ஜ், மதியம் வரும் விருந்தாளிகள் கண்ணில் படும்படி கூடத்துக்கு வர வேண்டும் என்றார் அவர்.

"தரையில ஒரு கீறல் விழுந்தாலும் நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார், வேலைக்காரர் காசிலிங்கத்திடம்.

"அடியில விரிக்க ஒரு சாக்கு எடுத்துக்கிறேங்க."

"இந்த வீட்டுக்குள்ள சாக்கா? மரியாதையான துணியாப் பார்த்துப் போடு."

காசிலிங்கம் பீரோவைத் திறந்தார். ஃப்ரிட்ஜைச் சாய்த்து, அதன் காலுக்கடியில் இரண்டு பொன்னாடைகளை மடித்துப் போட்டு இழுத்தார். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கூடத்தை அடைந்தபோது விருந்தாளிகள் வாசலில் நின்றிருந்தார்கள்.

வைரவநாதனின் முகம் சிவந்தது. "அடப்பாவி, ஊர் எனக்குப் போட்ட பொன்னாடைடா அது."

"ஊர் போட்டதைத் தொடலைங்க ஐயா. அது ஒண்ணுதான், மேல்தட்டுல பத்திரமா இருக்கு. இதெல்லாம் கூட்டத்துக்குக் கிளம்புறப்போ, மேடையில உங்களுக்குப் போடறதுக்காக, என்னைக் கடைக்கு அனுப்பி நீங்களே வாங்கிட்டு வரச் சொன்னது."

விருந்தாளிகளில் மூத்தவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"கீறல் ஒண்ணும் விழலை" என்றார்.