வாசகசாலைக்கு வந்த அரை ஆள்

செம்பியக்கோட்டையை ஆண்ட இளங்கொற்றன் நல்ல ராஜாதான். ஆனால் எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புவான். மழை பெய்ததா என்று தெரிய வேண்டுமென்றால் வானத்தைப் பார்க்க மாட்டான். ஊரில் எத்தனை குடை நனைந்தது என்று கேட்டனுப்புவான். அப்படிப்பட்டவன் ஏதோ ஒரு நல்ல வேளையில் குயவர் தெருவில் ஒரு வாசகசாலை கட்டிக் கொடுத்தான். உமையாள் என்ற பெண்ணை அதற்குப் பொறுப்பாக வைத்தான். வெள்ளிக்கிழமை பிற்பகல்தோறும் அவள் ஏட்டைப் பிரித்துத் தெருக்காரர்களுக்குக் கதை வாசிக்க வேண்டும்.

அமைச்சர் திருமேனிக்கு அந்தக் கட்டடத்தின்மேல் ஒரு கண். அரசனின் பழைய பல்லக்குகள் ஏழும் வெயிலில் நின்று வாடுகின்றன, அவற்றுக்கு ஒரு கூரை வேண்டும் என்று வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பல்லக்குகளைச் சுமந்தவர்களும் வெயிலில்தான் நின்றார்கள். அது அவர் கண்ணில் படவில்லை. ஒரு நாள் அரசனிடம், கதை கேட்க யாராவது வருகிறார்களா என்று எண்ணிப் பார்த்தோமா என்று ஒரு வார்த்தை போட்டார். எண்ணுவது என்றதும் அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உடனே மாசிலாமணி என்ற கணக்கர் அனுப்பப்பட்டார். உள்ளே போனால் வாசிப்பு கெடும் என்று அவரை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டார் அமைச்சர். வாசகசாலைக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. ஆகவே வெளியே கிடப்பதை எண்ணினால் போதுமாம். ஒரு ஜோடி செருப்புக்கு ஓர் ஆள். மாசிலாமணி நேர்மையான மனிதர், பார்த்ததை அப்படியே எழுதினார். முதல் வெள்ளி, ஓர் ஆள். இரண்டாம் வெள்ளி, அரை ஆள்.

"அரை ஆளா? யார் அது?" என்றான் அரசன்.

இன்னொரு செருப்பை நாய் கவ்விக்கொண்டு போனதை மாசிலாமணி தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். ஆனால் நாயைப் பற்றி எழுத அவருக்கு உத்தரவில்லை. அரை ஆளுக்காக ஒரு கட்டடமா என்று அமைச்சர் உருகினார். அடுத்த வெள்ளி ஐம்பது பேர் தேறாவிட்டால் மறுநாளே பல்லக்குகளை உள்ளே ஏற்றிவிடலாம் என்று தீர்ப்பாயிற்று.

உமையாள் நேராக ஆலாலசுந்தரத்தின் வீட்டுக்கு ஓடினாள். அவையில் எந்தச் சிக்கலுக்கும் வழி வைத்திருப்பவர் அவர்.

"எண்பது பேருக்குக் குறையாம வர்றாங்க ஐயா. இடமில்லாம ஜன்னல்லகூட உக்காந்து கேக்கறாங்க. நாள் பூரா சேத்தை மிதிக்கிற ஜனங்க, அவங்களுக்குச் செருப்பே கிடையாது. வாசல்ல கிடந்த அந்த ஒரு ஜோடி என்னுது. இப்ப அதுலயும் ஒண்ணுதான் மிச்சம்."

பக்கத்துத் தெருக்களில் ஐம்பது ஜோடி இரவல் வாங்கிப் போட்டுவிடலாமா என்று அவளே கேட்டாள். ஆலாலசுந்தரம் தலையை ஆட்டி மறுத்தார்.

"இந்த வாரம் செருப்பைக் காட்டினா ஆயுசு முழுக்கச் செருப்பைத்தான் காட்டணும்மா. நீங்க நல்ல கதையா ஒண்ணு எடுங்க, நல்ல இடத்துல நிறுத்துங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பிறகு அவர் அரசனிடம் போனார். மூடப்போகிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றார். ஆளே வராத இடம், பிற்பகல் தூக்கத்துக்கு அதைவிட வசதியான இடம் நாட்டிலேயே கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். அரசனுக்குத் தூக்கம் என்றால் கொள்ளை ஆசை.

செம்பியக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. அரசனின் பாதுகை தரையில் கிடக்கக் கூடாது. கழற்றியதும் சேவகன் அதைத் தட்டில் ஏந்தி, பட்டால் மூடி, பல்லக்குக்குள் வைத்துக் காவலிருப்பான். அந்த வெள்ளியும் அப்படியே செய்தான். மாசிலாமணி எழுந்து அரசனை வணங்கினார், மறுபடி உட்கார்ந்தார். வாசலில் செருப்பு விழவில்லை, அதனால் அவர் எதுவும் எழுதவில்லை. உமையாளும் அன்று வெறுங்காலோடுதான் வந்திருந்தாள்.

உள்ளே போன அரசனுக்குப் படுக்க என்ன, உட்காரவே இடமில்லை. இரண்டு குயவர்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தான். பல்வலி வந்த முதலை ஒன்று வைத்தியரைத் தேடிப் போன கதை நடந்துகொண்டிருந்தது. சொத்தைப் பல்லைப் பார்க்க வைத்தியர் முதலையின் வாய்க்குள் தலையை விட்டார். அந்த நேரம் பார்த்து முதலை கொட்டாவி விட்டு வாயை மூடியது. உமையாள் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, மீதி அடுத்த வெள்ளி என்றாள்.

அரசன் அன்று முழுக்கத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அவையில் மாசிலாமணி கணக்கை வாசித்தார். நேற்று ஒருவரும் வரவில்லை. அமைச்சர் மகிழ்ச்சியோடு பல்லக்குகளைக் கிளப்பச் சொன்னார்.

"ஒருவரும் வரவில்லையா? நான் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன்? பக்கத்தில் இருந்த கிழவரின் முழங்கை இடித்த இடம் இன்னும் வலிக்கிறது" என்றான் அரசன்.

மாசிலாமணி ஓலையை மறுபடி புரட்டிப் பார்த்தார். "வணங்கினேன் அரசே. ஆனால் செருப்பு இல்லையே."

ஆலாலசுந்தரம் எழுந்தார். "கணக்கரைக் குறை சொல்லக் கூடாது அரசே. அமைச்சர் வகுத்த முறைப்படி நேற்று தாங்கள் அங்கே இல்லை. போன வாரம் வந்த ஒற்றைச் செருப்பாவது அரை ஆள். தாங்கள் அதற்கும் கீழே. முறை தவறென்றால் அமைச்சரே சொல்லட்டும்."

பல்லக்குகளைக் கிளப்ப வேண்டாம் என்று அமைச்சர் சேவகனுக்குக் கைகாட்டினார். அரசன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். இனிக் கணக்கர் உள்ளே உட்கார்ந்து ஆட்களைத்தான் எண்ண வேண்டும் என்று உத்தரவிட்டான். உமையாளுக்குப் புதுச் செருப்பு தந்தான். ஆலாலசுந்தரத்திடம் என்ன வேண்டும் என்று கேட்டான். அவர் அந்த ஏழு பல்லக்குகளையும் கேட்டு வாங்கி, வாசகசாலை ஜன்னலோரம் நிழலில் வரிசையாக நிறுத்தினார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் அவற்றில் சாய்ந்துகொண்டு கதை கேட்டார்கள்.

அடுத்த வெள்ளி அரசனுக்கு வேறு வேலை வந்துவிட்டது, போக முடியவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் மாசிலாமணியை அழைத்து ஓலையை வாங்கிப் பார்த்தான். ஓலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"எத்தனை பேர் வந்தார்கள்?"

"மன்னிக்க வேண்டும் அரசே. வைத்தியர் தலை வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. எண்ண மறந்துவிட்டேன்."

பக்கத்தில் நின்ற ஆலாலசுந்தரம் எழுத்தாணியை எடுத்து அரசன் கையில் கொடுத்து, மாசிலாமணியைக் காட்டினார். "தாங்களே எழுதிவிடுங்கள் அரசே. ஓர் ஆள் முழுசாக வந்திருக்கிறார்."