பிள்ளையாருக்கு ஒரு மூச்சுப் பாட்டு

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் பக்தர்களின் செருப்பை வாங்கி வைத்து, திரும்பி வரும்போது மாறாமல் எடுத்துக் கொடுப்பது செவந்திலிங்கனாரின் திருத்தொண்டு. ‘ஆர்’ நாம் போட்டது. ஊர் போட்ட பெயர் செருப்பு லிங்கம். சாமி முன்னால் நிற்கும்போதும் பாதிப் பேருக்கு நினைப்பு செருப்பில்தான் இருக்கும் என்பதால், ஊரின் பக்தியைச் சிதறாமல் காத்தவர் அவரே என்றாலும் தப்பில்லை.

கடை திறக்குமுன் தினமும் உச்சிப் பிள்ளையார் வரை ஏறி இறங்குவார். படியில் கேட்கும் ஓசைகளைக் கண்ணாடி விரிசல் விட்ட செல்போனில் பிடித்து, வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். சிதறுகாய் உடைவது தாளம். மணியோசை சுருதி. மேலே பாடுவது யார் என்றால், ஏறுகிறவர்களின் மூச்சிரைப்பு! பாதி வழியில் ஓர் அம்மாள் “முருகா!” என்று உட்காருவதும் அதில் உண்டு. பிள்ளையார் மலையில் தம்பியைக் கூப்பிடலாமா என்று கேட்டவர்களுக்கு, “அண்ணங்காரரு கோவிச்சுக்க மாட்டாருங்க. வீட்டுக்கு வந்தவங்க யாரைத் தேடுனா என்ன?” என்றார்.

சதுர்த்தியன்று படையலுக்கான பெரிய கொழுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறும்போது இந்தப் பாட்டு ஒரே ஒரு தடவை பிள்ளையார் காதில் விழ வேண்டும். அடியாரின் ஆசை அவ்வளவே. முறம் போல் காது வைத்திருக்கிறவருக்கு அது பெரிய சிரமமும் இல்லை.

சிரமம் விழாக் குழுத் தலைவர் பஞ்சநதத்துக்குத்தான். அவருடைய பட்டங்களை அச்சடித்தபின் அழைப்பிதழில் இடம் போதாமல், பிள்ளையார் மடிப்புக்குள் போயிருந்தார். தலைவரும் இதே மலையின் ஓசைகளை எடுத்து, சென்னையில் சுத்தம் செய்து, புல்லாங்குழல் சேர்த்து ‘மலைநாதம்’ செய்து வைத்திருந்தார். இருமல், இரைப்பு எதுவும் அதில் கிடையாது. மனிதர்களே கிடையாது.

“ஏன்யா, மூச்சு வாங்குறதெல்லாம் சங்கீதமா? ஆஸ்துமா ஆஸ்பத்திரியில போடு, போ!” என்றார், செல்போனில் பாட்டைக் கேட்ட தலைவர். கூட இருந்தவர்கள் கடமை தவறாமல் சிரித்தார்கள்.

செவந்திலிங்கனார் தலைவரின் செருப்பைத் துடைத்து நிழலில் வைத்தார். பிறகு கொழுக்கட்டை தூக்கும் மூக்கையாவைக் கூப்பிட்டு, “உன் மூச்சும் இதுல இருக்குப்பா, வச்சுக்க” என்று பாட்டை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தார். மற்றதைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

சதுர்த்தி வந்தது. துணித் தூளியில் கொழுக்கட்டை, மூங்கிலின் இரு பக்கமும் தோள்கள், முன்னால் ஒலிபெருக்கி, அதற்கும் முன்னால் மைக்கோடு தலைவர். மலைநாதம் முழங்கியது. குழல் இழுத்த இழுப்பில் ஒரு கால் காத்திருந்தது; இன்னொரு கால் படியேறியது. தூளி தொட்டிலாக ஆடியது.

“நிறுத்துங்கய்யா! இதுக்குக் கால் வைக்க முடியல. கொழுக்கட்ட உருண்டுரும்!” என்று கத்தினார் மூக்கையா.

தலைவர் அதட்டுவதற்காக மைக்கை உயர்த்தினார். வார்த்தை வரவில்லை. “ஹஹ்... ஹஹ்... அப்பாடா... முருகா!” மலை முழுக்கக் கேட்டது. அந்த இரைப்புக்குத் தூக்குகிறவர்களின் கால்கள் தாமாகச் சேர்ந்து ஒரு படி ஏறின. இன்னொரு படி.

“இதாண்டா லிங்கண்ணன் பாட்டு! என் போன்ல இருக்கு, எடுத்துப் போடுங்கடா!” என்றார் மூக்கையா. மறுத்துச் சொல்லத் தலைவருக்கு மூச்சில்லை.

அடிவாரத்தில் செவந்திலிங்கனாருக்குத் தம் பாட்டு படிப்படியாக மேலே போவது கேட்டது. ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. அடுத்தவர் செருப்பை யார் பார்ப்பது? இருந்த இடத்திலேயே கைகூப்பினார். கண் நிறைந்தது.

உச்சியில் கொழுக்கட்டையை இறக்கிவைத்து, பாட்டும் முடிந்த நொடியில், பிள்ளையாரின் காதோரம் இருந்த செம்பருத்தி நழுவி விழுந்தது. “சுவாமி பூ கொடுத்துட்டார்!” என்று சிலிர்த்த குருக்கள், அதை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். பழக்க தோஷத்தில் தலைவரின் கையும் நீண்டது. பாதியில் நின்றது.

“எனக்கில்ல சாமி. அவரு கீழ இருக்காரு” என்றவர், தாமே பூவைச் சுமந்து இறங்கினார்.

செவந்திலிங்கனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலைவரின் செருப்பை எடுத்து வைத்தார். தலைவர் குரலைத் தாழ்த்தினார். “லிங்கம், என் மூச்சையும்... சேர்த்துக்குவியா?”

“அப்பவே பிடிச்சுட்டேனுங்க. அந்த அம்மாவை விட உங்க ‘முருகா’ உருக்கமா வந்திருக்கு!”

ஊரார் இரைத்ததையெல்லாம் துதியாக்கி, உச்சியில் இருப்பவர் காதில் சேர்த்த அடியாருக்கும், அன்று அவர் காவலில் மாறாமல் இருந்த அத்தனை செருப்புகளுக்கும் நம் வணக்கம்.